கோழிக்குச் சொன்னது

சண்டைச் சத்தம் கேட்டால் எனக்கு முதலில் பயம் வரும். காது அதற்குப் பிறகுதான் வேலை செய்யும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் ஓரறைக் காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு ஆள் கையை விடலாம். அந்த இடைவெளி வழியாக அடுத்த வீட்டு இருமல் வரும், தாளிக்கிற வாசம் வரும், யார் யாரை என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதும் வரும். நான் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, இது அடிதடியில் முடியுமா, பேச்சோடு போய்விடுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்துக் கணக்கு எனக்கு வரவில்லை. இந்தக் கணக்கு வந்தது.

பயந்த சுபாவக்காரிக்கு எதையும் வகை பிரித்து வைத்துக்கொண்டால் கொஞ்சம் தைரியமாக இருக்கும். பைப்படியில் நடக்கும் சண்டைக்கு நான் பயப்படுவதில்லை. அதில் குரல்தான் பெரிது. வாளி நிறைந்ததும் பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். தலைவர்மார் சண்டைக்கும் பயமில்லை. எங்கள் தோட்டத்தில் இரண்டு சங்கம், இரண்டு தலைவர். காலையில் வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக் களத்தில் நின்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறையாகக் கத்துவார்கள். கூட்டம் கலைந்துவிட்டால் சண்டையும் கலைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே த்ரீவீலில் நோர்வூட்டுக்குப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

பயப்பட வேண்டியது மரியாதை கூடும் சண்டைக்கு. நேற்றுவரை "வாடி, போடி" என்று பேசியவள் இன்றைக்கு "நீங்க சொன்னாச் சரிங்க" என்றால், அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஏதோ செத்துவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் கோழிச் சண்டை. இது பெண்களுடைய சண்டை. பகையாளியின் பேரைச் சொல்வதில்லை, முகத்தைப் பார்ப்பதில்லை. வாசலில் நிற்கும் கோழியையோ நாயையோ அடுப்பில் இருக்கும் சட்டியையோ பார்த்துத் திட்ட வேண்டும். "திங்கிறது எங்க வூட்ல, முட்ட போடுறது எங்கியோ" என்று கோழியிடம் சொன்னால், யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவளுக்குப் போய்ச் சேரும். அவள் வந்து கேட்டால், "நான் கோழியத்தானே சொன்னேன், ஒனக்கு ஏன் குத்துது?" என்று கேட்கலாம். இந்தச் சண்டையை முடிக்கவே முடியாது. தொடங்கியதாக யாரும் ஒத்துக்கொள்வதில்லையே, பிறகு எப்படி முடிப்பது?

சமாதானத்தையும் நான் பார்த்து வைத்திருந்தேன். எங்கள் ஆட்கள் மன்னிப்புக் கேட்பதில்லை. தேங்காய் துருவி கேட்பார்கள். யார் முதலில் கேட்கிறார்களோ அவர்கள் தோற்றவர்கள். அதனால் பிள்ளையை அனுப்புவார்கள். பிள்ளையும் சொல்லிக் கொடுத்தபடி வந்து நின்று, "அம்மா கேக்கல, நான்தான் கேக்குறேன், துருவி தருவீங்களாம்" என்று சொல்லும்.

நான் தோட்டத்துப் புள்ளமடுவத்தில் உதவி ஆயாவாக இருக்கிறேன். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளையிலிருந்து ஐந்து வயதுவரை உள்ளதுகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பயிற்சி எடுத்த மிஸ் ஒருத்தர் எனக்கு மேலே இருக்கிறார். பால் காய்ச்சுவது, துணி மாற்றுவது, மூக்குத் துடைப்பது எல்லாம் நான். பிள்ளையை விட வரும் தாய்மார் பழக்கத்தில் கேட்பார்கள்: "ஆயம்மா, காலைல பைப்படியில கேட்டீங்களா? இது பெருசாகுமா?" நான் சொல்வேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

என் வீட்டுச் சண்டையை மட்டும் நான் எந்த வகையிலும் சேர்க்கவில்லை. அது நியாயம் என்று நினைத்திருந்தேன்.

என் ஓரகத்தி, அதாவது என் புருசனுடைய தம்பி பெண்சாதி, அடுத்த காம்பராவில் இருக்கிறாள். இரண்டு காம்பராவுக்கும் முன்னால் ஒரே இஸ்தோப்பு. மழைக்கு ஒதுங்கவும் விறகு அடுக்கவும் எங்களுக்கு இருக்கும் முன்பக்கத் தாழ்வாரம் அது. கல்யாணம் முடிந்த கையோடு கொழுந்தன் நடுவில் ஒரு தகரத்தை வைத்து அடைத்தான். கூரையிலிருந்து வடியும் தண்ணீர் அந்தத் தகரத்தில் பட்டு என் விறகின் மேல் விழுந்தது. திருப்பி வைக்கச் சொன்னேன். திருப்பவில்லை. ஒரு தகரம். அதற்குத்தான் இவ்வளவும். எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அன்றைக்கு விடியற்காலையிலிருந்து மழை. விறகு நனைந்து அடுப்பு புகைந்து என் கண்ணெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. அவளுடைய கோழி, குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு தகரத்துக்கு அடியில் நுழைந்து வந்து, நான் ரொட்டிக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் காலை வைத்தது.

"வந்துட்டாளா மகாராணி!" என்று கத்தினேன். "எங்க வூட்டு மாவு கேக்குதா ஒனக்கு? இரு, ஒன் குஞ்ச ஒருநாளு கால்ல போட்டு நசுக்குறேன். அன்னைக்குத் தெரியும் ஒனக்கு நான் யாருன்னு!"

தகரத்துக்கு அந்தப் பக்கம் அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும். அவளுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன். வழக்கமாக அவளும் ஏதாவதொரு சட்டியைத் திட்டுவாள். அன்றைக்குப் பதில் வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, கோழி மிதித்த இடத்து மாவைக் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தில் ரொட்டி சுட்டேன்.

கொஞ்ச நாளில் அவளுடைய பிரசவ லீவு முடிந்தது. பிள்ளைக்கு அப்போது குப்புற விழுகிற வயது. பொம்பளைப் பிள்ளை. என் புருசனுடைய ரத்தம், அதே நெற்றி. மடுவத்தில் ஒரு தொட்டிலைத் துடைத்து வைத்தேன். பகை பகையாக இருக்கட்டும், பிள்ளை இங்குதானே வரும், வேறு எங்கே போகும் என்று நினைத்தேன்.

வரவில்லை. பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மலைக்கே போய்விட்டாள். தேயிலைக்கு ஓரமாக இரண்டு மரத்துக்கு நடுவில் சேலையில் ஏணை கட்டி, மேலே பொலித்தீனைப் போட்டுப் படுக்க வைத்தாளாம். மழைக்காலம். அட்டை ஊரும் மலை அது. அதைவிட எனக்குப் பயம் குளவி. பக்கத்து டிவிஷனில் கூடு கலைந்து கொழுந்தெடுத்த பெண்களைக் கொட்டி, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரியவர்கள் என்றால் இடுப்பில் சுற்றியிருக்கும் படங்குத் துணியை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு ஓடுவார்கள். ஏணையில் கிடப்பது என்ன செய்யும்? மடுவத்தில் பால் காய்ச்சும்போது எனக்கு அதே நினைப்புதான். இரண்டு தடவை பால் பொங்கி வழிந்தது.

மலையில் வேலை வாங்கும் கங்காணி என்னிடம் வந்து சொன்னார். "ஒங்க ஓரவத்திதானே? சொல்லி வைங்க. புள்ளைய மலைக்குக் கொண்டாரக் கூடாதுன்னு மேல இருக்குற கண்டாக்கையா ஏசுறாரு. இனி புள்ளையோட வந்தா பேர் போட மாட்டேன். அப்புறம் வேலையே இல்லாமப் போயிரும்."

அன்று மாலை என் புருசனிடம் சொன்னேன், தம்பியிடம் பேசுங்கள் என்று. அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "தகரத்துக்கு ரெண்டு பேரும் கட்சி கட்டுனீங்கள்ல, இதையும் நீங்களே பேசிக்கிருங்க" என்றார். அவள் பிடிவாதக்காரி, என்னைத் தோற்கடிக்கப் பிள்ளையை மழையில் போடுகிறாள் என்று நான் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கேட்டவர்கள் யாரும் "ஆமாம்" என்று சொல்லவில்லை. எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அது ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

மறுநாள் மடுவத்தில் பிள்ளைகள் வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்தேன். மிஸ் மேசையில் இருந்தார். கடைசிக் காம்பராப் பிள்ளை ஒன்று, வாய்க்காரி, நாலு வயது, துவாயை இடுப்பில் சொருகிக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிக் கத்தினாள். எதிரில் ஒரு பொடியன் குந்தியிருந்து "கொக் கொக்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. இது எந்த வீட்டுச் சண்டை என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன்.

"வந்துட்டாளா மகாராணி!" என்றாள் அவள். "ஒன் குஞ்ச நசுக்குறேன் பாரு!"

என் கை நின்றுவிட்டது. மூலையில் இருந்த இன்னொரு பிள்ளை தலையணையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தது. "நான் மலைக்குத் தூக்கிட்டுப் போறேன். மடுவத்துல விட்டா ஆயம்மா எம் புள்ளைய நசுக்கிருவாங்க" என்றது.

மிஸ் நிமிர்ந்தார். "என்னா வெளையாட்டு இது? யாரு சொல்லித் தந்தா?"

வாய்க்காரி கொஞ்சமும் தயங்கவில்லை. விரலை நீட்டி என்னைக் காட்டினாள். "ஆயம்மாதான்."

மிஸ் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் மடித்த துணியையே பிரித்துத் திரும்ப மடித்தேன். கோழிச் சண்டையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு கட்டுப்பாடு உண்டு. புருசனை இழுக்கலாம், பிறந்த வீட்டை இழுக்கலாம், நடையை, உடுப்பை, சமையலை இழுக்கலாம். பிள்ளையை இழுக்கக் கூடாது. இத்தனை வருடம் எல்லாருடைய சண்டையையும் தரம் பிரித்தவள் நான். என் வாயில் வந்ததை நான் கேட்கவே இல்லை. குஞ்சு என்று சொன்னபோது அந்தப் பிள்ளை என் நினைப்பில் இல்லை என்று அடித்துச் சொல்வேன். ஆனால் பால் குடிக்கிற பிள்ளையோடு உட்கார்ந்து கேட்டவளுக்கு அது எப்படித் தெரியும்? லயத்துக்கே கேட்டிருக்கிறது. பிள்ளைகள் வரைக்கும் வந்துவிட்டது. அத்தனை பேரும் தங்கள் பிள்ளையைக் காலையில் என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். வேறு வழி இல்லாமல் கொடுத்திருக்கிறார்கள்.

துருவி கேட்டுத் தீர்க்கிற விசயமில்லை இது. ஆள் அனுப்பினாலும் தீராது. கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னதைக் கூட்டத்துக்கு நடுவில்தான் திருப்பி எடுக்க வேண்டும். மறுநாள் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டுப் பெரட்டுக் களத்துக்குப் போனேன். பனி விலகவில்லை. பெண்கள் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவளும் நின்றாள், பிள்ளையைப் பொலித்தீனால் மூடிக்கொண்டு. கங்காணி அவள் பேரை இன்னும் கூப்பிடவில்லை.

"இந்தா புள்ள," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். "அன்னைக்குக் கோழியத் திட்டுனேன்ல."

"எந்தக் கோழிய?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"ஒங் கோழியத்தான். கோழிய இல்ல. ஒன்னத்தான் திட்டுனேன்."

களத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பின்னால் ஒருத்தி, "அடி ஆத்தி, ஒத்துக்கிட்டாடி!" என்றாள். இன்னொருத்தி, "இனிமே நம்ம கோழிங்களுக்கெல்லாம் விடுதல" என்றாள். சிரிப்பு பரவியது. ஒரு தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "பிரச்சினையச் சங்கத்து மூலமாப் பேசலாம்" என்று முன்னால் வந்தார். மற்றத் தலைவர், "அந்தப் புள்ள எங்க சங்கம், நீங்க தலையிடாதீங்க" என்றார். கங்காணி இருவரையும் கையால் ஒதுக்கினார்.

"புள்ளைய நான் நெனைக்கல," என்றேன். "குஞ்சுன்னு வாயில வந்துருச்சு. சொன்னது தப்பு. சத்தியமா..."

"சத்தியம் வேணாம்." இப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "மத்தியானம் கொழுந்து எட போட்டுட்டு வருவேன். எம் புள்ளையோட துணியெல்லாம் அவுத்துப் பாப்பேன். தொடை, முதுகு, அக்குளு எல்லாம் பாப்பேன். கிள்ளுன தடம் இருக்கான்னு பாப்பேன். அதுக்குச் சம்மதம்னா விடுறேன்."

"பாரு."

"தெனமும் பாப்பேன்."

"தெனமும் பாரு."

"எல்லாரும் இருக்கும்போதுதான் பாப்பேன்."

அதற்கும் தலையை ஆட்டினேன். அவள் முடிச்சை அவிழ்த்துப் பிள்ளையை என் கையில் கொடுத்தாள். பிள்ளையின் கால் சில்லென்று இருந்தது. ஒரு அட்டைக் கடி காய்ந்து கிடந்தது. கங்காணி அவள் பேரைக் கூப்பிட்டார்.

அன்று மத்தியானம் சொன்னபடி வந்தாள். சாப்பாடு கொடுக்க வந்த மற்றத் தாய்மாரும் இருந்தார்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பிள்ளையைப் பாயில் கிடத்தி ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். மார்க்கெட்டில் மரக்கறி பார்ப்பது போலக்கூட இல்லை. அதைவிட நிதானம். விரல் இடுக்கு, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால். நான் பக்கத்தில் நின்றேன். பிள்ளைக்கு அது விளையாட்டு, காலை உதைத்துச் சிரித்தது. ஒன்றும் இல்லை என்று கண்டதும் உடுப்பைப் போட்டு, பால் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போனது பெரிதில்லை. மற்றத் தாய்மார் இரண்டு மூன்று பேர், மூக்குத் துடைப்பது மாதிரி, சட்டையை இழுத்து விடுவது மாதிரி, தங்கள் பிள்ளைகளின் முதுகையும் தூக்கிப் பார்த்துக்கொண்டார்கள். நான் பார்க்காதது போல் கோப்பை கழுவப் போனேன். கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினேன். என் வாழ்நாளில் ஒரு பிள்ளையை நான் கிள்ளியதில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

அதற்குப் பிறகு தினமும் அவள் வருவதற்கு முன்னால் எனக்கு வேர்க்கும். காலையிலிருந்து நானே பிள்ளையின் உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நுளம்பு கடித்தால் பயம். பாயின் தடம் கன்னத்தில் பதிந்தால் பயம். தொட்டில் கம்பியில் கை பட்டுவிடுமோ என்று துணி சுற்றினேன். மிஸ்கூட, "நீங்க ஒரு புள்ளைய மட்டும் பாக்குறீங்க, மத்ததுகளையும் பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

அப்படியும் ஒருநாள் நடந்துவிட்டது. பல் முளைக்கிற பயல் ஒருவன், எதைக் கண்டாலும் கடிக்கிறவன், நான் பால் ஆற்றத் திரும்பிய நேரத்தில் தவழ்ந்து போய்ப் பிள்ளையின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டான். வீரிட்டு அழுதாள். பார்த்தால் வட்டமாகச் சிவந்து கிடந்தது. காலுறை ஒன்று அலுமாரியில் இருக்கிறது. போட்டுவிட்டால் தெரியாது. ஆனால் அவள் காலுறையையும் கழற்றுவாள். கழற்றிக் கண்டுவிட்டால், மறைத்தவள் என்றாகிவிடும். குளிர்ந்த துணியை வைத்தேன். சிவப்பு குறையவில்லை, கூடிய மாதிரி இருந்தது.

கொழுந்துச் சாக்கை இறக்கிவிட்டுப் பெண்கள் வரும் சத்தம் கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானே வாசலுக்குப் போனேன். எல்லாருக்கும் முன்னால் காலை நீட்டிக் காட்டினேன்.

"இந்தா. இத மொதல்ல பாரு."

அவள் பார்த்தாள். மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். யாரோ "ஐயையோ" என்றார்கள். அவள் பிள்ளையின் காலை வெளிச்சத்துக்குத் திருப்பி, கறை படிந்த விரலால் அந்த வட்டத்தைத் தடவினாள்.

"பல்லு," என்றாள்.

"ஆமா, பல்லுதான். அந்தப் பய..."

"வாயத் தொற."

எனக்குப் புரியவில்லை. "என்னா?"

"ஒன் வாயத்தான். தொற."

திறந்தேன். இத்தனை வயதில், என்னிடம் பிள்ளையை விடுகிற அத்தனை பேருக்கும் முன்னால், டிஸ்பென்சரியில் நிற்பதுபோல் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். அவள் குனிந்து பார்த்தாள். திரும்பக் காலைப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள். "இம்புட்டுச் சின்னப் பல்லு ஒனக்கு இல்ல."

வாசலே சிரித்தது. கடித்த பயலின் தாய், "எம் பய பல்லுதான், நான் தெனமும் வாங்குறேனே" என்று தன் கையைத் தூக்கிக் காட்டினாள். ஓரகத்தி சிரிக்கவில்லை. ஆனால் பிள்ளையை வாங்கிக்கொண்டு வெளியே போகாமல் என் பக்கத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் நின்றது. சிரித்ததால் வந்தது என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம்.

மறுநாள் அவள் வரமாட்டாள், அதாவது பார்க்க மாட்டாள் என்று எனக்கு ஒரு நப்பாசை. வந்தாள். பிள்ளையின் சட்டைப் பொத்தானை நான் முன்கூட்டியே கழற்றி, ஜன்னலடியில் வெளிச்சம் விழும் இடத்தில் பாயை விரித்து வைத்திருந்தேன். முன்பக்கம் பார்த்தாள். கெண்டைக்கால் தடம் மறைந்துவிட்டதா என்று பார்த்தாள்.

"திருப்பு," என்றாள்.

பிள்ளையைக் குப்புறத் திருப்பி, அவள் முதுகைப் பார்க்க வசதியாகப் பிடித்துக்கொண்டேன்.